விற்பதற்கு முன் இன்ஜின் லைட்: அழித்தாலும் திரும்ப வருகிறது, என்ன செய்யலாம்?

வேளச்சேரி மழை:
வணக்கம். 2015 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், அப்பா பெயரில் இருக்கிறது, ஒரே ஓனர், 60,000 கிலோமீட்டர் தாண்டியிருக்கிறது. அப்பா ஓட்டுவதை விட்டுவிட்டார், நான் ஆபீசுக்குப் பறக்கும் ரயிலிலேயே போய்விடுகிறேன், வண்டி சும்மா நின்று தூசி படிகிறது, அதனால் கொடுத்துவிடலாம் என்று முடிவு. சிக்கல் டேஷ்போர்டில் வரும் அந்த மஞ்சள் இன்ஜின் லைட். ஓட்டுவதில் ஒரு குறையும் தெரியவில்லை. தெருமுனை மெக்கானிக் ஸ்கேனரைச் செருகி 300 ரூபாய் வாங்கிக்கொண்டு அழித்துக் கொடுக்கிறார், கொஞ்ச நாள் ஒழுங்காக இருக்கிறது, அப்புறம் பழையபடி எரிகிறது. மழை பெய்தால் கட்டாயம் வந்துவிடும். பார்க்க வந்த ஒருவர் லைட்டைப் பார்த்ததும் எடுத்த எடுப்பில் 40,000 குறைத்துக் கேட்டார். என் மச்சான் சொல்வது, பார்ட்டி வரும் நாள் காலையில் அழித்துவிட்டு வண்டியைக் காட்டு, விற்ற பிறகு யார் கேட்கப் போகிறார்கள் என்று. சரி செய்து விற்பதா, அப்படியே தள்ளிவிடுவதா, மச்சான் வழியா?

ஓஎம்ஆர் ஒத்தையடி:
ஸ்கேனரில் வந்த கோளாறு கோட் நம்பர் என்ன சார்? அதைச் சொல்லாமல் லைட் எரிகிறது என்று மட்டும் சொன்னால் பெட்ரோல் மாற்றிப் போடு, பிளக் மாற்று என்று ஆளுக்கு ஒன்று சொல்லத்தான் செய்வார்கள்.

வேளச்சேரி மழை:
மெக்கானிக் சொல்லவில்லை. ‘சென்சார் ப்ராப்ளம்’ என்றார், அழித்தார், அவ்வளவுதான்.

கிண்டி ஸ்பேனர்:
300 ரூபாய் வாங்கிக்கொண்டு நம்பரைக்கூடச் சொல்லவில்லை என்றால் அது வேலையே இல்லை. முதலில் ஒன்றைப் பாருங்கள்: லைட் நிலையாக எரிகிறதா, விட்டு விட்டு மின்னுகிறதா? மின்னினால் மிஸ்ஃபயர், எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிடும், அப்படியிருந்தால் வண்டியை ஓட்டவே வேண்டாம். நிலையாக எரிந்தால் பதறத் தேவையில்லை.

அழித்த பிறகு ஏன் உடனே வராமல் கொஞ்ச நாள் கழித்து வருகிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. பெரும்பாலான கோளாறுகளை ஈசியூ, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், ஒரு தடவை பார்த்ததும் லைட் போடாது. முதல் தடவை ‘பெண்டிங்’ என்று குறித்து வைத்துக்கொள்ளும், அடுத்த ஓட்டத்திலும் அதே கோளாறு தென்பட்டால்தான் லைட். போதாததற்கு, அந்தச் சோதனை நடக்கவே இன்ஜின் சூடேறி ஒரே வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். விஜயநகர் சிக்னலில் நின்று நின்று போகிற வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது, அதனால்தான் நாள் கணக்கில் இழுக்கிறது. அதை வைத்துச் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் கோட் படிக்கிற ப்ளூடூத் ஓபிடி டாங்கிள் கிடைக்கும், 1,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட்டில் செருகி, போனில் ஏதாவது ஒரு ஓபிடி ஆப் போட்டு, கோட், அதோடு ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ இரண்டையும் படம் எடுத்துப் போடுங்கள். கோளாறு பதிவான நொடியில் வேகம், ஆர்பிஎம், கூலன்ட் சூடு எவ்வளவு என்று அதில் இருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும், அதனால் கைவைக்காமல் முதலில் படம்.

மச்சான் கட்சி:
இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? ஊரில் எல்லோரும் அழித்துத்தான் விற்கிறார்கள். வாங்குபவனும் நம் வண்டியைப் பார்த்துவிட்டு ஆயிரம் குறை சொல்லித்தான் விலையைக் குறைக்கிறான், அவனிடம் போய் நாமே ஒரு குறையை எடுத்துக் கொடுப்பதா? மழை இல்லாத நாளாகப் பார்த்து, பாட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டினால் டாங்கிள்கூட வேண்டாம்.

பெரம்பூர் பழைய வண்டி:
நான் இருபக்கமும் கமிஷன் வாங்குகிற ஆள், நேர்மைப் பாடம் எடுக்க வரவில்லை, தொழில் மட்டும் சொல்கிறேன். அழித்துவிட்டுக் கொண்டு வருகிற வண்டி எங்களுக்குத் தெரியும். பாட்டரியைக் கழற்றினால் கடிகாரம் தப்பு நேரம் காட்டும், பல வண்டிகளில் ஒரே தட்டில் ஏறும் பவர் விண்டோ பாதியில் நின்றுவிடும். அதை எல்லாம் சரி செய்து வைத்தாலும் ஸ்கேனரைச் செருகினால் ‘கோட் அழித்த பிறகு ஓடிய தூரம்’ என்று ஒரு வரி இருக்கிறது. அதில் 6 கிலோமீட்டர் என்று இருந்தால் வீட்டிலிருந்து எங்கள் கடை வரைக்கும் வந்த தூரம் அது. அதோடு ரெடினஸ் மானிட்டர், அதாவது ஈசியூ தானே நடத்திப் பார்க்கிற சோதனைகள், எல்லாம் ‘முடியவில்லை’ என்று நிற்கும். ஆன்லைனில் வண்டி வாங்குகிற கம்பெனிகள் அனுப்பும் பையன்கூட இப்போது டாங்கிளோடுதான் வருகிறான்.

இதைப் பார்த்த பிறகு நாங்கள் விலை எப்படிப் போடுவோம் தெரியுமா? இருக்கிறதிலேயே பெரிய செலவு எதுவோ அதை நினைத்துத்தான். இன்ஜின் லைட் என்றால் கன்வர்ட்டர் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம், உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்று இருக்கிற சமாசாரம், புதிது வாங்கினால் பழைய வண்டிக்குக் கட்டுப்படியாகாது. உங்களிடம் 40,000 குறைத்துக் கேட்டவர் கன்வர்ட்டருக்குத்தான் கேட்டிருக்கிறார். கோளாறு 3,000 ரூபாய் வேலையாகவே இருக்கலாம், ஆனால் அது என்னவென்று தெரியாதவரை எங்கள் கணக்கு 40,000-தான். அதனால் சரி செய்கிறீர்களோ இல்லையோ, கோளாறு இன்னது என்று தெரிந்துகொண்டு பேரத்துக்கு உட்காருங்கள். தெரியாமல் உட்கார்ந்தால் அடிமாட்டு விலைதான்.

தாம்பரம் அக்கா:
மச்சான் கட்சிக்கு மட்டும் ஒரு வார்த்தை. நான் வாங்கிய பக்கத்திலிருந்து சொல்கிறேன். எங்கள் முதல் காரை வாங்கியபோது லைட்டே எரியவில்லை, சுத்தமான வண்டி என்று அட்வான்ஸ் கொடுத்தோம். அப்புறம் சர்வீசில் மீட்டர் டப்பாவைக் கழற்றியபோதுதான் தெரிந்தது, அந்த இன்ஜின் லைட் படத்துக்குப் பின்னால் கறுப்பு நெயில் பாலிஷ் தடவியிருந்தார்கள். நன்றாக, இரண்டு கோட்டாக. விற்றவர் போன் எடுக்கவில்லை.

வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். சாவியை ஆன் வரைக்கும் திருப்பி ஸ்டார்ட் செய்யாமல் நிறுத்துங்கள். இன்ஜின் லைட் அப்போது எரிந்தே ஆக வேண்டும், ஸ்டார்ட் ஆன பிறகு அணைய வேண்டும். சாவி ஆனிலேயே எரியவில்லை என்றால் யாரோ உள்ளே கை வைத்திருக்கலாம். ஏர்பேக், ஏபிஎஸ் லைட்டுக்கும் இதே சோதனைதான்.

சென்னை வண்டி என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாமிலும் தண்ணீரில் நின்ற வண்டிகள் எத்தனை என்று எல்லோருக்கும் தெரியும். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்கள், அடியில் சேற்றுக் கோடு தெரியும். சீட்டுக்கு அடியில் அது நகரும் கம்பியில் துரு, கார்ப்பெட்டைத் தூக்கினால் நாற்றம். வேளச்சேரி தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் ஏரியா பெயரைக் கேட்டதுமே நான் இதைத்தான் கேட்பேன்.

வேளச்சேரி மழை:
கோபம் எல்லாம் இல்லை அக்கா, பார்க்க வருகிற எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். மிக்ஜாமுக்கு முந்தின நாளே வண்டியை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்திவிட்டோம், எங்கள் தெருவே அங்கேதான் நின்றது.

டாங்கிள் வாங்கியாயிற்று. இரண்டு கோட்: பி0141, பி0420. ஃப்ரீஸ் ஃப்ரேமில் பி0141 இருக்கிறது, இன்ஜின் ஐடிலில், கூலன்ட் 88 டிகிரி. இரண்டாவதைக் கூகுளில் பார்த்தால் கன்வர்ட்டர் மாற்று என்றே எல்லா இடத்திலும் வருகிறது. பயமாக இருக்கிறது.

கிண்டி ஸ்பேனர்:
பயம் வேண்டாம், இது நல்ல செய்தி. பி0141 என்றால் பின்பக்க ஆக்சிஜன் சென்சாரின், அதாவது கன்வர்ட்டருக்குப் பின்னால் இருப்பதன், ஹீட்டர் சர்க்யூட். சென்சார் முந்நூறு டிகிரிக்கு மேல் சூடானால்தான் ஒழுங்காக வேலை செய்யும், அதை வேகமாகச் சூடாக்க உள்ளேயே ஒரு சின்ன ஹீட்டர் இருக்கிறது. அது போனால் சென்சார் ஆறிப்போய் அரைகுறையாகச் சொல்லும். பி0420 கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்கிற கோட், அந்தத் தீர்ப்பை ஈசியூ சொல்வதே இந்தப் பின்பக்கச் சென்சாரை வைத்துத்தான். சாட்சியே தடுமாறும்போது தீர்ப்பை நம்பக் கூடாது. 0141-ஐ முடியுங்கள், 0420 அதற்குப் பிறகும் வந்தால் அப்போது பேசலாம்.

மழையில் வருகிறது என்றால் எனக்குச் சந்தேகம் கனெக்டர் மேல்தான். சென்சார் வண்டிக்கு அடியில் இருக்கிறது, ஒயர் மேலே ஏறிப் போகும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கனெக்டர் இருக்கும். தண்ணீர் தேங்கின ரோட்டில் போய்ப் போய் அதற்குள் ஈரம் இறங்கிப் பச்சை பூத்திருக்கும். எலி கடித்த ஒயரும் நம் ஊரில் சாதாரணம், வண்டி சும்மா நிற்கிறது என்று வேறு சொன்னீர்கள். முதலில் பியூஸ். அடுத்தது கனெக்டர். அதன் பிறகு மல்டிமீட்டர்: சென்சார் பக்கம் ஒரே நிறத்தில் இரண்டு ஒயர் இருக்கும், பெரும்பாலும் அதுதான் ஹீட்டர். ஆறின வண்டியில் அந்த இரண்டுக்கும் நடுவே சில ஓம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் உள்ளே அறுந்துவிட்டது, சென்சார் மாற்ற வேண்டியதுதான்.

புதுப்பேட்டையில் பழைய சென்சார் வாங்காதீர்கள். கதவு, பம்பர், கண்ணாடி என்றால் புதுப்பேட்டைக்கு ஈடு கிடையாது, சென்சார் மட்டும் புதிதாக வாங்குங்கள், ஜி.பி. ரோட்டில் பார்ட் நம்பர் சொன்னால் எடுத்துத் தருவார்கள். மாட்டும்போது நுனியில் கிரீஸ், சிலிகான் எதுவும் படக் கூடாது, சிலிகான் அந்தச் சென்சாருக்கு விஷம். 22 மில்லிமீட்டர் ஸ்பேனர், இன்ஜின் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும்போது திருப்பினால் மரை போகாமல் வரும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்க வேண்டாம்.

மச்சான் கட்சி:
ஸ்பேசர் என்று ஒன்று விற்கிறார்கள், பின்பக்கச் சென்சாரைக் கொஞ்சம் வெளியே தள்ளி மாட்டினால் 0420 ஜென்மத்துக்கும் வராது, சில நூறு ரூபாயில் முடியும்.

கிண்டி ஸ்பேனர்:
வராது, கன்வர்ட்டர் செத்தாலும் வராது. வாங்குபவர் புகையைக் குடிப்பார். இவர் வண்டிக்கு அது தேவையும் இல்லை, ஹீட்டர் கோட் ஸ்பேசரால் போகாது.

பெரம்பூர் பழைய வண்டி:
லிஃப்டில் ஏற்றினால் ஸ்பேசர் பளிச்சென்று தெரியும் அண்ணே. அதற்கு நான் தனியாகக் குறைப்பேன்.

கோர்ட் வாசல்:
சட்டம் பற்றி யாரும் பேசவில்லை, சுருக்கமாக. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, தெரிந்த ஒரு விஷயத்தை வேண்டுமென்றே மறைப்பது மோசடி. சும்மா வாய் மூடி இருப்பது மட்டும் பொதுவாக மோசடி ஆகாது, பேச வேண்டிய கடமை இருந்தால் ஒழிய. லைட் எரிவதை வாங்குபவர் கண்ணால் பார்த்துப் பேரம் பேசினால் உங்களுக்குச் சிக்கல் இல்லை. அவர் வரும் நாள் காலையில் அழிப்பதும் நெயில் பாலிஷ் அடிப்பதும் மறைக்கிற காரியம், 19-ஆம் பிரிவின்படி அவர் ஒப்பந்தத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். வழக்கு நடத்துவாரா என்பது வேறு, ஆனால் ‘லைட் வருகிறதா’ என்று வாட்ஸ்அப்பில் கேட்டு நீங்கள் ‘இல்லை’ என்று போட்டிருந்தால் அது அவர் கையில் இருக்கும் ஆதாரம்.

வேளச்சேரி மழை:
ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தெரு ஒர்க்‌ஷாப்பில் ஏற்றிப் பார்த்தோம். ஸ்பேனர் அண்ணா சொன்னது அப்படியே. கனெக்டரைப் பிரித்ததும் பின்னில் பச்சைப் பொடி, ரப்பர் சீல் ஒரு பக்கம் மடங்கிக் கிடந்தது. சுத்தம் செய்து மீட்டர் வைத்தால் ஹீட்டரும் போய்விட்டது, ஒன்றுமே காட்டவில்லை. எது முதலில் போனது என்று தெரியவில்லை. புது சென்சார், புது சீல், கூலி எல்லாம் சேர்த்து 4,600 ஆயிற்று. கோட் இரண்டையும் அழித்துவிட்டு ஈசிஆரில் மாமல்லபுரம் வரை ஒரே வேகத்தில் போய் வந்தேன். லைவ் டேட்டாவில் முன்பக்கச் சென்சார் 0.1-க்கும் 0.9-க்கும் குதிக்கிறது, பின்பக்கம் 0.7 வோல்ட்டில் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கிறது. நேற்று நல்ல மழையில் தரமணி ரோட்டுத் தண்ணீரிலும் விட்டுப் பார்த்தேன். 0420 வரவில்லை, பெண்டிங்கிலும் ஒன்றும் இல்லை.

கிண்டி ஸ்பேனர்:
பின்பக்கம் அப்படி அசையாமல் நின்றால் கன்வர்ட்டர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், முன்பக்கத்தோடு சேர்ந்து குதித்திருந்தால்தான் கவலை. மானிட்டர் எல்லாம் முடிந்துவிட்டதா என்று பாருங்கள், முடிந்த பிறகு ஆளைக் கூப்பிடுங்கள்.

பெரம்பூர் பழைய வண்டி:
பில்லையும் பழைய சென்சாரையும் தூக்கிப் போட வேண்டாம். பழைய கோட் படம், பில், மானிட்டர் முடிந்த படம் மூன்றையும் போனில் வைத்துக்கொண்டு நீங்களே முதலில் பேச்சை எடுங்கள். அவர் ஸ்கேனர் போட்டு ‘சமீபத்தில் அழித்திருக்கிறீர்களே’ என்று கேட்ட பிறகு பில்லைக் காட்டினால் அதே பில்லுக்குப் பாதி மதிப்புதான். அவர் அடுத்தது டயருக்கு வருவார், பக்கவாட்டில் நாலு இலக்க நம்பர் இருக்கும், 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம் தயாரானது. அதற்குப் பதிலையும் யோசித்து வையுங்கள்.

அம்பத்தூர் டீசல்:
இழையைக் கடத்துவதற்கு மன்னிக்கவும். நானும் விற்கப் போகிறேன், டீசல், பி0401 வருகிறது. இதற்கும் சென்சார்தானா?

கிண்டி ஸ்பேனர்:
அது ஈஜிஆரில், அதாவது புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி விடுகிற அமைப்பில், போதுமான ஓட்டம் இல்லை என்கிற கோட். வால்வில் கரி அடைத்திருக்கும், கழற்றிச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் போகும். அடைத்துத் தகடு வைத்துவிடலாம் என்று ஒருவர் வருவார், கேட்காதீர்கள்.

ஓஎம்ஆர் ஒத்தையடி:
என்னுடையது 2016 பெட்ரோல், பி0171, லீன் மிக்ஸ்சர், அதாவது காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலால் வருகிறது என்று பங்கில் சொல்கிறார்கள்.

கிண்டி ஸ்பேனர்:
இப்போது எல்லாப் பழியும் இ20 மேல்தான். பெட்ரோல் எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும், அதனால் கலப்பு ஏற ஏற ஈசியூ கூடுதலாக எரிபொருள் விட வேண்டியிருக்கும். 10 சதவீதத்திலிருந்து 20-க்குப் போனால் ஏறத்தாழ 4 சதவீதம்தான் கூடும், அதை அது சமாளித்துக்கொள்ளும். லீன் கோட் வர ஃப்யூல் ட்ரிம், அதாவது ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற அளவு, அதைவிட எவ்வளவோ மேலே போயிருக்க வேண்டும். அதாவது எங்கேயோ காற்று ஒழுகுகிறது, அல்லது ஏர்ஃப்ளோ சென்சார் அழுக்கு, அல்லது பம்பு பிரஷர் குறைவு. ஏற்கனவே ஓரத்தில் நின்ற வண்டியை இ20 கொஞ்சம் தள்ளிவிட்டிருக்கலாம், அவ்வளவுதான். ஏர் ஃபில்டருக்குப் பிறகு வருகிற ரப்பர் ஹோஸை வளைத்து மடிப்புகளைப் பாருங்கள், அங்கேதான் கீறல் விழும்.

இன்னொன்று, அமெரிக்க வீடியோ பார்த்துவிட்டு டாங்க் மூடியை இறுக்கினால் லைட் போய்விடும் என்று இங்கே பாதிப் பேர் நம்புகிறார்கள். அங்கே பெட்ரோல் ஆவி ஒழுகுகிறதா என்று கார் சோதிக்கும், நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் அந்தச் சோதனை கிடையாது. மூடியை விட்டுவிடுங்கள்.

வேளச்சேரி மழை:
வண்டி போய்விட்டது. 40,000 கேட்டவரையே திரும்பக் கூப்பிட்டேன், படங்களைக் காட்டினேன், அவர் மெக்கானிக்கை அழைத்து வந்து ஒரு மணி நேரம் பார்த்தார். லைட் பற்றிப் பேச்சே வரவில்லை, டயருக்கு 12,000 குறைத்துக்கொண்டார், பெரம்பூர் அண்ணா சொன்ன அதே நாலு இலக்கத்தைத்தான் தேடிப் படித்தார். மச்சான் இன்னமும் 4,600 தண்டம் என்கிறான். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-இல் அப்பா கையெழுத்துப் போட்டாயிற்று. வேறு என்ன பார்க்க வேண்டும்?

கோர்ட் வாசல்:
கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள், ஆர்சி அவர் பெயருக்கு மாறும் வரை பின்தொடருங்கள். மாநிலத்துக்குள் விற்றால் விற்பவர் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவருக்கு 30 நாள். ஆர்சியில் யார் பெயரோ அவர்தான் ஓனர், விபத்து நடந்தால் இழப்பீட்டுக்கு அவரும் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது, உங்கள் விஷயத்தில் அது அப்பா.

பெரம்பூர் பழைய வண்டி:
ஃபாஸ்டேகைக் கண்ணாடியிலிருந்து கிழித்து, பேங்கிலும் மூடச் சொல்லுங்கள், இல்லையென்றால் அவர் திருப்பதி போய் வருகிற டோல் எல்லாம் உங்கள் கணக்கில் விழும். இன்சூரன்சில் நோ கிளைம் போனஸ் வண்டிக்குச் சேர்ந்தது இல்லை, அப்பாவுக்குச் சேர்ந்தது, கம்பெனியில் கடிதம் கேட்டு வாங்கினால் 3 வருஷத்துக்குள் வேறு வண்டி எடுக்கும்போது பயன்படும். அப்புறம் டெலிவரி நோட்டில் தேதி மட்டும் போட்டிருந்தால் இன்றைக்கே அவரிடம் பேசி நேரத்தையும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள், அன்று சாயங்காலம் சிக்னல் கேமராவில் விழுகிற சலான் யாருடையது என்று அதை வைத்துத்தான் பேச முடியும்.